கதையில் அப்பாதான் அனுப்பினார்

என் அக்கா புருஷன் ராஜமாணிக்கம் எழுதிய நாவலைப் படமாக எடுத்தானே, அந்த டைரக்டர் இன்றைக்கு எதிரில் வந்தாலும் நான் சும்மா விடமாட்டேன். கதையை மாற்றினான் என்பதற்காக இல்லை. சினிமாக்காரன் மாற்றத்தான் செய்வான், அது அவன் பிழைப்பு. எதை மாற்றினான் என்று சொல்கிறேன், அப்புறம் என் கோபம் நியாயமா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள்.

மாமாவுக்கு நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலை வேலை. கரும்புச் சாற்றைச் சோதித்துப் பார்க்கிற கெமிஸ்ட். மிச்ச நேரமெல்லாம் விண்கலம், வேற்றுக்கிரகம் என்று மாத நாவல் எழுதுவார். நான் திருப்பாதிரிப்புலியூரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறேன். அவர் கதையை அச்சுக்குப் போகுமுன் படித்துவிட்டு, இந்த ரோபோ ரொம்ப வாயாடுது மாமா என்று குறை சொல்கிற உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு.

அவர்களுக்கு ஒரே பெண், சந்திரலேகா. வாய் ஓயாத குட்டி. சுனாமி அவளைக் கொண்டுபோய்விட்டது.

அப்போது அவர்கள் தேவனாம்பட்டினம் போகிற ரோட்டில் குடியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா ஆலையில் இருந்தார், அரவை சீசன். திருவாதிரைக்காக அக்கா களி கிண்டிக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் களியைச் சாமிக்குப் படைக்கும் முன்னால் யாரும் விரல் நுனியால்கூடத் தொடக் கூடாது. அந்த விஷயத்தில் அக்கா ரொம்பக் கண்டிப்பு. சந்திரா சும்மா இருப்பாளா? பாத்திரத்துக்குள் விரலை விட்டு நக்கிவிட்டாள். அக்கா அவள் கையில் ஓர் அடி போட்டு, படைக்கிற வரைக்கும் இங்கே நிற்காதே, பீச்சில் போய் விளையாடு, நானே கூப்பிடுகிறேன் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு விரட்டிவிட்டாள். அப்புறம் கூப்பிடுவதற்கு ஆள் இல்லை.

இதை அவள் மாமாவிடமும் என்னிடமும் மட்டும்தான் சொன்னாள். மாமா அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டைத் திருப்பாதிரிப்புலியூருக்கு மாற்றினார். அக்கா அடுப்படிக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றாள். ஆலையிலிருந்து வந்து அவரே சோறு வடித்துக் குழம்பு வைத்தார். அக்கா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். ஞானாம்பாள் என்றால் தெருவே அதிரும், அப்படிப்பட்ட ஆளைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் பிடித்தது. இவளும் நமக்கு இல்லாமல் போய்விடுவாளோ என்று பயந்து, தினமும் கடையைச் சாத்தியதும் போய்ப் பார்த்துவிட்டு வருவேன்.

2007ல் மாமா அந்த நாவலை எழுதினார். 'நீலப்பிளவு' என்று பேர். வங்கக் கடலுக்கு அடியில் ஒரு பிளவு, அதற்குள்ளே காலம் பின்னோக்கி ஓடுகிறது. மூக்குக்கண்ணாடி போட்ட ஓர் ஆலை எஞ்சினியர் பழைய பாய்லரைத் தட்டிக்கொட்டிக் கலமாக்கிக்கொண்டு, துணைக்கு ஒரு வாயாடி ரோபோவோடு உள்ளே இறங்குகிறார். வெளிச்சம் கக்குகிற பாம்புகள், நடந்து வருகிற பாறைகள் என்று எல்லாவற்றோடும் மல்லுக்கட்டித் தன் மகள் போன அந்தக் காலைக்கே போய்ச் சேருகிறார். ஆனால் பிளவுக்குள்ளிருந்து எதையும் வெளியே கொண்டுவர முடியாது. அது விதி. மணலில் அவளோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். அவள், "அம்மாகிட்ட போவணும்ப்பா" என்கிறாள். கதை அங்கே முடிகிறது. படித்துவிட்டுக் கடைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன், வெட்கமென்ன.

நாவலில் ஒன்றை மட்டும் மாமா மாற்றியிருந்தார். அதில் குழந்தையைக் கடற்கரைக்கு அனுப்புவது அம்மா இல்லை, அப்பா. வேலைக்குப் போகிற அவசரத்தில், "வெளையாடிக்கிட்டு இரு, நான் வந்து கூட்டிக்கிறேன்" என்று அவர்தான் விட்டுவிட்டுப் போகிறார்.

அக்கா படித்து முடித்துவிட்டு அவரையே பார்த்தாள். நீங்களா அனுப்பினீர்கள் என்று கேட்டாள்.

"கதையில நான்தான் அனுப்புனேன், ஞானம். அப்புடியே இருக்கட்டும்" என்றார் மாமா.

மறுநாள் அக்கா அடுப்புப் பற்றவைத்தாள். அவள் வைத்த ரசத்தில் உப்பு ஜாஸ்தி. மாமா இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்.

படித்தவர்கள் சும்மா இருப்பார்களா? இவன் எல்லாம் ஓர் அப்பனா என்று அவரைத் திட்டினார்கள். அது நிஜக் கதை என்று தெருவில் பேச்சு பரவி, எதிரிலேயே கேட்டவர்களும் உண்டு. மாமா தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். அக்கா மறுத்துப் பேசவில்லை. அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்து நடமாடினாள். அதை உருவிவிட்டால் விழுந்துவிடுவாள் என்பது மாமாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கப்புறம்தான் டைரக்டர் வந்தான். பிச்சாவரத்தில் அவனுக்கு வேறொரு படத்தின் ஷூட்டிங் இருந்ததால் சிதம்பரம் கீழவீதியில் லாட்ஜ் ரூம் போட்டுக் கதை பேசினார்கள். மாமா போய்விட்டு வந்து நேராக என் கடையில் உட்கார்ந்தார். என்ன மாமா என்று கேட்டேன்.

"ஹீரோ தப்பு பண்ணா ஜனம் ஒத்துக்காதாம், மச்சான். புள்ளைய அனுப்புனது அம்மாதான்னு மாத்திட்டாங்க."

எனக்கு ரத்தம் கொதித்தது. நடந்ததைச் சொல்லித் தடுத்திருக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். சொன்னால் அதுவே ஊருக்குத் தெரிந்துவிடுமே என்றார். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, படத்திலிருந்து தன் பேரையாவது எடுங்கள் என்று கேட்டும் எடுக்கவில்லையாம். பொய்யைக் காப்பாற்றவும் வழியில்லை, உண்மையைச் சொல்லவும் வழியில்லை. பாவம், மனுஷன் என்னதான் செய்வார்?

2012 பொங்கலுக்குப் படம் வந்தது. தானே புயல் அடித்துப்போட்ட கடலூரில் பாதித் தெருவுக்குக் கரண்ட் இல்லை, தியேட்டரும் ஓடவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான் என்று மாமா நிம்மதிப்பட்டார். படம் மட்டம், போகாதே என்று அக்காவிடம் ஆயிரம் சாக்குச் சொன்னார். அவள் கேட்கவில்லை. என் பெண்ணைப் பெரிய திரையில் காட்டுகிறார்கள், பெற்றவள் நான் பார்க்காமல் யார் பார்ப்பார்கள் என்றாள். சிதம்பரத்தில் நடராஜரைக் கும்பிட்டுவிட்டு மூன்று பேரும் மேட்னிக்குப் போனோம்.

மூக்குக்கண்ணாடி எஞ்சினியர் இப்போது மார்பைக் காட்டிக்கொண்டு ஹெலிகாப்டரிலிருந்து குதித்தான். பாய்லர் கலம் பளபளவென்று ஏதோ குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருந்தது. வாயாடி ரோபோ காமெடியன் ஆகியிருந்தது. அக்கா இதையெல்லாம் கண்டுகொள்ளவே இல்லை, குழந்தை வரும்போதெல்லாம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் அந்தக் காட்சி வந்தது. அம்மாக்காரி போனில் சிரித்துச் சிரித்துப் பேசுகிறாள். குழந்தை முந்தானையை இழுக்கிறது. ஓர் அறை விட்டு, "போய்த் தொலை, பீச்சுக்குப் போ" என்று கதவைச் சாத்துகிறாள்.

தியேட்டரே உச்சுக்கொட்டியது. அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் இருந்த அம்மாள், இவளெல்லாம் ஒரு தாயா, நாசமாப் போறவ என்று சத்தமாகவே சபித்தாள்.

அக்கா அவள் பக்கம் திரும்பினாள். "திட்டாதீங்கம்மா. அவளுக்கு வேலை இருந்திருக்கும். இப்புடி ஆவும்னு தெரிஞ்சிருந்தா இடுப்ப வுட்டு எறக்கியிருப்பாளா?" என்றாள்.

மாமா எழுந்து, போகலாம் வா என்று அவள் கையைப் பிடித்தார். அவள் கையை உதறிக்கொண்டு கடைசிவரை பார்த்தாள். படத்தில் விதியும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஹீரோ அலையைப் பிளந்து மகளை உயிரோடு கொண்டுவருகிறான். கரையில் அம்மா கைகூப்பி நிற்கிறாள். குழந்தை அவளைத் தாண்டி ஓடி அப்பா கழுத்தைக் கட்டிக்கொள்கிறது. ஜனம் விசிலடித்துக் கை தட்டியது.

பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் மாமா அவள் எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நான் எழுதியது அது இல்லை, சாமி சத்தியமாக நான் யாரிடமும் சொல்லவில்லை என்று குழறினார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"நீங்க சொல்லலன்னு தெரியும். அம்மா அனுப்புனான்னு காட்டுனாங்க, நெசம்தான அது" என்றாள் அக்கா. கண்ணில் ஒரு சொட்டு இல்லை. "புள்ள உயிரோட வந்துச்சே, அத பாத்தீங்களா? என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல."

அது சினிமாக்கா, எவனோ எழுதினது என்று நான் இழுத்தேன். கடலூர் பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தவள் பாதி வழியில் என் கையைப் பிடித்தாள்.

"என் மேல கோவமாத்தான் போயிருக்கா, பாலா" என்றாள்.

முன் சீட்டில் மாமா இருந்தார். எத்தனையோ கதை எழுதினவர். மூன்று பேர் டிக்கெட்டையும் மடித்துப் பிரித்து மடித்துக்கொண்டிருந்தார்.