மாற்று வேட்பாளர்

அனில்குமார் சோற்றில் உள்ளித் தீயல் குழம்பை விட்டுப் பிசைந்துகொண்டிருந்தபோது, பிரிட்ஜின் மேல் கிடந்த போன் ஏழாவது முறையாக அடித்தது. மணி இரண்டேகால். கணபதியப்பன்தான். அந்த நேரத்தில் அவனைத் தவிர வேறு யார் அப்படி விடாமல் அடிக்கப் போகிறார்கள்?

"எடுத்துப் பேசுங்களேன். அந்த மனுசன் பாவம்லா," என்றாள் மனைவி தாணம்மாள்.

"நீ எடு. எனக்கு வயித்தோட்டம், எழும்பவே முடியல்லன்னு சொல்லு."

"ரெண்டாம் தடவ சோறு வாங்கிட்டு இதைச் சொல்ல நாக்கு கூசல்லியா உங்களுக்கு?"

கேட்டாளே தவிர, போனை எடுத்து அவன் சொன்னதைத்தான் சொன்னாள். கணபதியப்பன் பதறிப்போனான். "ஏ தங்கச்சி, உப்பும் சீனியும் கலக்கிக் குடு. மூணு மணிக்குள்ள அவன் வந்து ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் ஆட்டோவுல வாறேன், தாங்கிப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அன்று வேட்பு மனுவை வாபஸ் வாங்கக் கடைசி நாள். அந்த ஒரு கையெழுத்தில்தான் கணபதியப்பனின் தேர்தலே தொங்கிக்கொண்டிருந்தது. பூதப்பாண்டியிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். அங்கே ஊராட்சித் தலைவர் பதவிக்கு அவன் நின்றதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை, ஊர்க்குளம்தான். வயல் வாங்கி பிளாட் போடும் தேவகுமாருக்குக் குளத்தங்கரை வழியாக ரோடு வேண்டும். ரோடு வந்தால் மடை அடைபடும், முப்பது வயல் காயும். தலைவர் நாற்காலியில் தேவகுமார் உட்கார்ந்துவிட்டால் தடுக்க ஆளில்லை. அதனால் கணபதியப்பன் மனுப் போட்டான்.

தேர்தலில் நிற்கிறவர்கள் மாற்று வேட்பாளர் என்று கூட ஒருவரையும் மனுப் போடச் சொல்வது வழக்கம். அசல் மனு தள்ளுபடியானால் மாற்று நிற்கும். ஏற்றுக்கொள்ளப்பட்டால், வாபஸ் நாளில் மாற்று ஆள் போய்க் கையெழுத்துப் போட்டு விலகிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் பெண்டாட்டியைத்தான் போடுவார்கள். கணபதியப்பனின் மனைவி அழகியநாயகியும், "நான் போடட்டா?" என்று கேட்டாள். "அனில் இருக்கச்ச நீ எதுக்கு?" என்று சொல்லிவிட்டான் அந்த வெள்ளந்தி.

அப்படிச் சொன்னதில் தப்பும் இல்லை. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இருவர் வயலுக்கும் நடுவே ஒரே வரப்பு. அனில்குமாரின் மகள் சிவப்ரியா சின்னப்பிள்ளையில் டெங்கு வந்து நெய்யூர் ஆசுபத்திரியில் கிடந்தபோது, ஒன்பது நாள் வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்தவன் கணபதியப்பன். ரத்தம் கொடுத்தவனும் அவன்தான்.

வாசலில் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அனில்குமார் என்ன செய்தான் தெரியுமா? கழுவாத கையோடு எழுந்து, அடுக்களை வழியாகப் பின்னால் இறங்கி, வாழைத் தோட்டத்துக்குள் போய்க் குத்தவைத்து உட்கார்ந்துகொண்டான். ஐம்பது வயதுக்காரன்! களவு செய்தவனைப் போல, தன் வீட்டு வாழைக்குப் பின்னாலேயே ஒளிந்தான்.

கணபதியப்பன் உள்ளே வந்தான். பாயைத் தேடினான், கட்டிலைப் பார்த்தான். கடைசியில் சாப்பாட்டு மேசையில் பாதி தின்ற தட்டு கண்ணில் பட்டது.

"வயித்தோட்டத்துக்குத் தீயலா, தங்கச்சி?"

கணபதியப்பன் கொல்லைப் பக்கம் ஒரு நிமிடம் பார்த்தபடி நின்றான். தோட்டத்துக்குள் இறங்கித் தேடவில்லை, கூப்பிடவும் இல்லை. ஆட்டோ திரும்பிப் போனது. மூன்று மணி தாண்டும்வரை அனில்குமார் எழும்பவில்லை. கையில் சோற்றுப் பருக்கை காய்ந்து ஒட்டிக்கிடந்தது.

முதல் நாள் காலையில் தேவகுமாரின் கார் வந்துபோனதுதான் இதற்கெல்லாம் காரணம். "நீங்க எனக்கு ஓட்டுப் போடண்டாம் அண்ணாச்சி, பிரச்சாரத்துக்கும் போகண்டாம். வாபஸ் வாங்காம வீட்டுல இருந்தாப் போதும். ஜூன் மாசம் சிவப்ரியாவுக்கு நான் நடத்துக பள்ளிக்கூடத்துல டீச்சர் ஜோலி. மனசிலாச்சா?" என்றான். மகள் பி.எட். முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருந்தாள். அதுமட்டும் என்றால்கூடப் போனால் போகிறது என்று விடலாம். போகும்போது அந்த ஆள் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னான்: "எத்தனை நாள்தான் அவருக்கு மாத்தாவே இருப்பிய?" அந்த வார்த்தை அனில்குமாருக்கு உள்ளே போய்க் கொழுவிக்கொண்டது. தான் செய்வது துரோகம் இல்லை, பிழைக்கத் தெரிந்தவன் செய்யும் காரியம் என்று அன்று முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

வாக்குச்சீட்டில் இரண்டு பேரும் இருந்தார்கள். ஒரே தெரு, ஒரே சொந்தபந்தம். யாருக்குப் போடுவது என்று சனங்கள் குழம்பினார்கள். பிரச்சாரத்துக்கே போகாத அனில்குமாருக்கு நூற்றுப் பதினெட்டு ஓட்டு விழுந்தது. தேவகுமார் ஜெயித்தது நாற்பத்து மூன்று ஓட்டு வித்தியாசத்தில். கணக்குப் பார்க்கத் தெரிந்தவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

ஜூன் வந்தது. கொரோனா என்று பள்ளிக்கூடமே திறக்கவில்லை. திறந்தபோது தேவகுமாரின் கொழுந்தியாள் மகள் அந்த நாற்காலியில் இருந்தாள். அனில்குமார் போய்க் கேட்டதற்கு, தலைவராகிவிட்ட தேவகுமார் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "கூட்டாளிக்கே நிக்காத ஆளு நீரு. உம்ம வீட்டு ஆளை நம்பி எப்படிவே உள்ள விடுகது?" என்றான். செய்யச் சொன்ன வாயே அதைச் சொல்லிக் குத்தியது. வீட்டில் சிவப்ரியா அதைவிட மோசமாகக் கேட்டாள்: "எனக்காகத்தான் செஞ்சேன்னு ஆருகிட்டயும் சொல்லாதீங்கப்பா. கணபதி மாமா முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?"

அதற்கடுத்து, மாசியில் அறுக்கும் கும்பப்பூ நெல்லின் நடவு சமயத்தில் குளத்தங்கரையில் மண் லாரிகள் வந்தன. மடை மூடப்பட்டது. கதிர் வரும் நேரத்தில் வயல் வெடித்தது. முதலில் காய்ந்தது கடைசியில் கிடந்த இரண்டு வயல்கள். ஒன்று கணபதியப்பனுடையது, இன்னொன்று அனில்குமாருடையது. வரப்பின் இரண்டு பக்கமும் ஒரே நிறத்தில் பதராகிக் கிடந்தது.

திங்கட்கிழமை நாகர்கோவில் போய்க் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதென்று வயல்காரர்கள் முடிவு செய்தார்கள். ஞாயிறு காலை கணபதியப்பன் வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். அனில்குமாரும் போனான். இரண்டு வருடத்துக்குப் பிறகு அந்தப் படலைக் கடந்தான்.

"இரு டே," என்றான் கணபதியப்பன். நாற்காலியைக் காட்டினான். பேனாவையும் நீட்டினான்.

அனில்குமாருக்குக் கண் நிறைந்துவிட்டது. "மக்கா, அன்னைக்கு நான் செஞ்சது..."

"அதுக்கு இந்தப் பேப்பர்ல இடமில்ல. பேரு, சர்வே நம்பர், கையெழுத்து. அவ்வளவுதான்."

அனில்குமார் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டான். தாங்க முடியாத ஒரு நிம்மதி நெஞ்சில் ஏறியது. ஏற்றுக்கொண்டுவிட்டான், நம்ம கணபதி நம்மை விட்டுவிடவில்லை என்று நினைத்தான். அது அரை நிமிடம்கூட நிற்கவில்லை.

"அழகி, இங்க வா," என்று வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிட்டான் கணபதியப்பன். "இவன் பேருக்குக் கீழ நீ ஒரு கையெழுத்துப் போடு."

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்த அழகியநாயகிக்குப் புரியவில்லை. "நம்ம வயலுக்கு நீங்கதான் போட்டாச்சே?"

"இது நம்ம வயலுக்கு இல்ல. இவனுக்கு மாத்து. நாளைக்கு ஆராவது கார்ல வந்து ஒரு வார்த்தை சொல்லி இவன் பாதி வழியில இறங்கினாலும், நம்ம ஆளெண்ணம் குறையப்படாது."

முற்றத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அனில்குமாருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "என்னை நீ மன்னிக்கவே மாட்டியா?" என்று கேட்டான்.

"மன்னிச்சதுனாலதான் டே நாற்காலி போட்டேன்," என்றான் கணபதியப்பன். குரலில் கோபம் இல்லை. அதுதான் அனில்குமாரைக் கொன்றது. "ஆனா நம்பச் சொல்லாத. ஒரு சமயம் வாய்ச்சதுன்னு கூட்டாளிய விட்டுட்டுப் போனவன் திரும்பி வந்தா, உக்கார எடம் குடுக்கலாம், குடிக்கத் தண்ணி குடுக்கலாம். அவன்மேல வச்சிருந்த நம்பிக்கையை எங்க போய்த் தேடிக் குடுக்க? அதை நீ அன்னைக்கே வாழைக்கு அடியில விட்டுட்டு வந்துட்டே."

அழகியநாயகி குனிந்து, அனில்குமாரின் பேருக்குக் கீழே தன் பேரை நிறுத்தி எழுதினாள்.