குமாஸ்தா சுட்ட தோட்டாக்கள்

ராணுவத்துக்குப் புதுத் தோட்டா தேர்ந்தெடுக்கும் சோதனையில் மதிப்பெண் எழுதும் குமாஸ்தா நான். போட்டியில் இருந்தவை இரண்டு: பெரியது ஒன்று, சிறியது ஒன்று. சுட்டுப் பார்த்த ஆறு பேரும் பதக்கம் வாங்கிய சூரர்கள். பெரிய தோட்டா தோளில் கழுதை மாதிரி உதைக்கும். அவர்கள் அசையவே இல்லை. எதைக் கொடுத்தாலும் நடுப்புள்ளியில் போட்டார்கள். பெரியதுதான் தூரம் போகிறது, அதுவே இருக்கட்டும் என்று கர்னல் பேனாவைத் திறந்தார்.

என் தங்கை கட்டாய ராணுவ சேவையில் சேர்ந்து பயிற்சியில் இருக்கிறாள். பலூன் உடைந்தாலே கண்ணை இறுக மூடிக்கொள்கிறவள். புதுத் தோட்டா முதலில் போகப்போவது அவள் அணிக்குத்தான்.

சாதாரண ஆட்களும் சுட்டுப் பார்க்க வேண்டாமா என்று கேட்டே விட்டேன். கர்னல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். உன்னைவிடச் சாதாரணமான ஆள் எங்கே கிடைப்பான், நீயே படுத்துச் சுடு என்றார். ஆறு பதக்கங்களும் சிரித்தன.

படுத்தேன். துப்பாக்கியை அதுவரை தொட்டதுகூடக் கிடையாது. கண்ணை மூடிக்கொண்டு பெரிய தோட்டாவைச் சுட்டேன். தோள் கழன்றே போனது என்று நினைத்தேன். தூரத்தில் கொடி அசைந்தது. நடுப்புள்ளி! பாழாய்ப்போன அதிர்ஷ்டம், இத்தனை வருஷம் எட்டிப் பார்க்காதது இன்றைக்கா வரவேண்டும்?

“பாத்தீங்களா, குமாஸ்தாவே அடிக்கிறான்,” என்று கர்னல் மறுபடி பேனாவை எடுத்தார்.

“சார், என் தங்கச்சி அடுத்த வருஷம் எல்லைக்குப் போறா. அவளுக்கு ஒரே ஒரு தோட்டாதான் குடுப்பீங்களா?”

யாரும் சிரிக்கவில்லை. ஒரு வகைக்குப் பத்து என்பது சோதனைக் கணக்கு; மீதி ஒன்பதையும் சுடச் சொன்னார் கர்னல்.

குறியை எங்கே பார்த்தேன்? அடுத்த உதையைத்தான் நினைத்தேன். விசையைத் தொடும்போதே தோள் சுருங்கியது. ஒன்றுகூட இலக்குத் தாளில் படவில்லை.

அடுத்துச் சிறிய தோட்டாவைக் கொடுத்தார்கள். நிஜமான பயம் அப்போதுதான் பிடித்தது. தவறவிட யாராலும் முடியும். இனி நான் அடித்தாக வேண்டும். வீங்கிய தோளில் துண்டை மடித்து வைத்துச் சுட்டேன். இது தோளைத் தட்டியதோடு சரி. நான்காவது தோட்டாவிலிருந்து என் கண் திறந்தே இருந்தது.

பத்தில் ஆறு. கர்னல் சிறிய தோட்டாவின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

“ஆறு போதும்யா. போய்த் தோளுக்கு மருந்து போடு.”

தலையாட்டிவிட்டு வந்தேன். பஸ்ஸில் தோள்வலி நினைவுக்கே வரவில்லை. தாளில் படாத அந்த நான்கு முறையும் என் தங்கைக்கு எதிரில் யார் நின்றுகொண்டிருப்பார்கள் என்றே யோசித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.