முதல் இருக்கையில் சிப்பிக்காரர்

ரிட்சுகோ இருபத்தாறு வருடமாகத் தேநீர்ச் சடங்கு சொல்லிக்கொடுக்கிறாள். ஆனாலும் மட்சுயே ஊர்க் கோயில் விழாவில் அவள் பொறுப்பில் ஒரு தேநீர் அமர்வு கிடைத்தது இந்த அக்டோபரில்தான். அதனால் ஒரு வாரமாகக் கணவர் இவாவோவுக்கும் பாடம் நடந்தது.

"பெட்டியெல்லாம் தூக்கிட்டு வாங்க. நடுவுல எங்கயாவது உக்காருங்க. வாயத் திறக்காதீங்க."

"டீ குடிக்கவாவது திறக்கலாமா?"

"அதுக்கு மட்டும்."

இவாவோ ஷின்ஜி ஏரியில் சிப்பி வாருகிறவர். புதன்கிழமை அவருக்கு ஏரி விடுமுறை, அவளுக்கு வகுப்பு. காகிதக் கதவுக்கு இந்தப் பக்கம் செய்தித்தாளை விரித்துக்கொண்டு அத்தனை புதன்கிழமைகளையும் காதால் கேட்டிருக்கிறார். எட்டிப் பார்த்ததில்லை. ஒரு கிண்ணம் குடிக்க முக்கால் மணி நேரம் மண்டி போடுவதில் பார்க்க என்ன இருக்கிறது என்பது அவர் கட்சி.

ஒரே ஒரு முறை இதில் கை வைத்தார். மூன்று வருடத்துக்கு முந்தைய குளிர்காலம். படகுக் கொட்டகைக் கூரையில் புகையேறிக் கிடந்த மூங்கிலைச் சீவி, தேயிலைத்தூள் அள்ளும் கரண்டி ஒன்று செய்து கொடுத்தார். ரிட்சுகோ திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நுனி கோணிக்கிட்டு நிக்குது. கோழிக்குத் தீனி வைக்கலாம்" என்றாள். அதற்குப் பிறகு அந்தக் கரண்டி அவர் கண்ணில் படவில்லை. அடுப்புக்குப் போயிருக்கும் என்று நினைத்தார். கேட்க ரோஷம் விடவில்லை.

விழாவன்று அறைக்குள் பதினைந்து பெண்கள். முதல் இருக்கை மட்டும் காலி. அங்கே உட்காருகிறவர்தான் எல்லாருக்குமாகப் பேசவேண்டும், பாத்திரங்களைப் பற்றிக் கேட்கவேண்டும். யாருக்கு வேண்டும் அந்த வம்பு?

"நீங்க உக்காருங்கம்மா."

"ஐயையோ, நான் கத்துக்குட்டி" என்றார் நாற்பது வருடமாகக் கற்றுக்கொண்டிருக்கும் ஃபுகுமா அம்மாள். பிறகு அவர் பார்வை, அப்பா காலத்துப் பட்டு உடுப்பில் நின்றிருந்த ஒரே ஆண்பிள்ளையான இவாவோமேல் விழுந்தது. "ஆம்பளை நீங்க இருக்கீங்களே! வாங்க ஐயா, வாங்க."

"நான் பெட்டி தூக்க வந்தேங்க."

"என்ன அடக்கம் பாருங்க!" என்று எல்லாருமாகச் சேர்ந்து அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

கதவு விலகியது. ரிட்சுகோ வணங்கி நிமிர்ந்தாள், பார்த்தாள். நல்லவேளை, கையில் கிண்ணம் இல்லை.

இவாவோவுக்கு வியர்த்தது. அவள் இருபத்தாறு வருட உழைப்பு இப்போது தன் வாயில் இருக்கிறது என்று புரிந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு காதை நம்பினார். கிண்ணம் வந்ததும், பக்கத்தில் இருந்த ஃபுகுமா அம்மாளிடம், "உங்களுக்கு முந்தி நான் குடிக்கிறேங்க" என்றார். சரியாக இருந்தது. கடைசி மடக்கைச் சத்தமாக உறிஞ்சவேண்டும் என்பதும் தெரியும். எவ்வளவு சத்தம் என்பதுதான் தெரியாது. சிப்பிச் சூப் உறிஞ்சுகிற மாதிரி உறிஞ்சினார். அடக்கிய சிரிப்பில் கடைசி வரிசை வரை தோள்கள் குலுங்கின.

எல்லாரும் குடித்து முடித்ததும், "தூள் டப்பாவையும் கரண்டியையும் பார்க்கக் கொடுங்க" என்று மறக்காமல் கேட்டார். வந்தது. கரண்டியைக் கையில் எடுத்தார்.

கோணல் நுனி.

எல்லார் கையிலும் சுற்றிவிட்டு அது திரும்ப வந்தது. அடுத்த கேள்வி என்ன என்று அவருக்கு மனப்பாடம். கேட்டால், கோழித்தீனிக் கரண்டியை யார் செய்தது என்று இத்தனை பேர் முன்னால் அவள் சொல்லியாகவேண்டும். கேட்காவிட்டால் அமர்வு குறையாகிவிடும். விருந்தாளி கேட்காமல் வீட்டுக்காரி சொல்லக்கூடாது.

"கரண்டி... யார் கைவேலைங்க?"

"இந்த ஊர்ச் சிப்பிக்காரர் ஒருத்தர் செஞ்சதுங்க."

"பேர் ஏதும் வெச்சிருக்கீங்களா?"

"மூணு நாள்."

நிலா, பனி, மேப்பிள் இலை என்றுதான் புதன்கிழமைகளில் கரண்டிக்குப் பெயர் வரும். இது எந்தப் புதன்கிழமையிலும் வந்ததில்லை. பாடத்தில் இல்லாத கேள்வி அவர் வாயிலிருந்து தானாக வந்தது. "அது ஏன் அப்படி?"

"நான் குறை சொன்னேன்னு செஞ்சவரு மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள் இதை எடுத்து டீ போட்டேன். நுனி கோணல்தான். ஆனா என் கைக்குன்னே வளைஞ்ச மாதிரி இருந்துச்சு. அன்னையிலேருந்து தனியா இருக்கும்போது இதுலதான் போட்டுக்குறேன்." ரிட்சுகோ கைகளை ஊன்றித் தலை குனிந்தாள். "அதை அவர்கிட்ட சொல்லத்தான் மூணு வருஷமா வாய் வரல."

இவாவோவும் தரையில் நெற்றி படக் குனிந்தார். நிமிர நேரமானது. முதல் விருந்தாளி எழுந்தால்தான் மற்றவர்கள் எழலாம். எல்லாரும் காத்திருந்தார்கள்.

ஃபுகுமா அம்மாள் சாய்ந்து பார்த்தார். "என்னங்க, கண்ணு கலங்கியிருக்கு?"

"கால் மரத்துப்போச்சுங்க" என்றார் இவாவோ.