இரண்டாவது பொட்டலம்

மனிதன் ஒன்றைத் தீர்மானித்துவிட்டால் சுருளி அருவிகூட மேல்நோக்கிப் பாயும். இதில் வினோத்ராஜுக்கு எள்ளளவும் சந்தேகம் கிடையாது. தேனியில் அப்பாவின் உரக்கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவன். ஒவ்வொரு வகுப்பையும் இப்படித்தான் ஆரம்பிப்பான்.

அன்று பலகையில் 'டிடர்மின்ட்' என்று எழுதினான்.

"ஒருத்தன் உறுதியா நின்னாலும் இதான் வார்த்தை. அவன் தலையெழுத்த வேற எதுவோ முடிவு பண்ணிட்டாலும் இதே வார்த்தைதான். நமக்கு அந்த ரெண்டாவது அர்த்தம் வேணாம். அடிச்சிருங்க."

முதல் பெஞ்சில் சுபாஸ்ரீ ஸ்கேல் வைத்து அடித்தாள். அவளும் அவனும் கல்யாணம் செய்துகொள்வதாக வைகை அணைப் பூங்காவில் வைத்துப் பேசி முடித்திருந்தார்கள். சாதி வேறு. அதனாலென்ன என்று முதலில் கேட்டவன் அவன்தான்.

வகுப்பு கலைந்ததும் அவள் தயங்கி நின்றாள்.

"போடியில பாத்திருக்க மாப்பிள்ளைக்காக அப்பா கோயில்ல பூக்கட்டிப் பாத்தாக. வெள்ளப் பூ வந்துருச்சு. சாமியே சரின்னுருச்சாம். செவப்பு வந்திருந்தா விட்டிருப்பாக."

வினோத்ராஜ் சிரித்தான்.

"பொட்டலம் கட்டுனது யாரு?"

"அப்பா."

"எடுத்தது?"

"அப்பாதான்."

"அப்ப சாமிக்கு அங்கன என்ன வேலை? இன்னொரு பொட்டலத்தப் பிரிச்சுப் பாத்தியா? முதுகெலும்பு இல்லாதவன்தான் சுபா பூவுகிட்டப் போயிக் கேப்பான்."

மறுநாள் அவள் துணிப்பையோடு வந்தாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"அந்த இன்னொரு பொட்டலம் அப்பா சட்டப் பையிலயே கெடந்துச்சு. பிரிச்சேன். அதுலயும் வெள்ளப் பூதான். மாப்பிள்ளை வேணாம்னு சொல்லிட்டேன். அடிச்சாக. கெளம்பி வந்துட்டேன்." பையைக் கீழே வைக்கவில்லை. "நான் டிடர்மின்ட் சார். நீங்க?"

"சனிக்கிழமை சொல்றேன்" என்றான். அதுவரை அவள் தோழி ஜெஸ்லினின் விடுதி அறையில் இருப்பதென்று ஆயிற்று.

கீழே கடையில் அப்பா பொன்னுராஜ் யூரியா மூட்டைகளை அடுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். மகன் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

"ஏலே, அந்தப் புள்ள வந்தா நீ மாடிச் சாவியக் குடுத்துட்டு எறங்கிப் போயிரு."

அவ்வளவுதான் சொன்னார். அருவி வழக்கம்போலக் கீழ்நோக்கியே பாய்ந்தது.

சனிக்கிழமை வினோத்ராஜ் குச்சனூருக்குப் பஸ் ஏறினான். உள்ளூர்க் கோயிலில் மாணவர்கள் யாராவது பார்த்துவிடுவார்கள். இங்கே சனிதோஷம் கழிக்க வந்த கூட்டத்தில் அவனும் ஒரு தலை.

"பூக்கட்டவா தம்பி?" என்றாள் பூக்காரி. "வெள்ள ஒண்ணு, செவப்பு ஒண்ணு தரவா?"

"ரெண்டும் செவப்பாவே குடுங்க."

அவள் அவன் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். பிறகு இரண்டு சிவப்பு அரளியை எடுத்துக்கொடுத்தாள்.

தூண் மறைவில் உட்கார்ந்து, இரண்டு பொட்டலமும் ஒரே மாதிரி இருக்கும்படி கவனமாக மடித்தான். சன்னதிக்கு நேராக வைத்தான். கண்ணை மூடி மனமுருக வேண்டிக்கொண்டான். எதை எடுப்பது என்று வெகுநேரம் யோசித்தான்.

கடைசியில் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தான். சிவப்பு.

மற்றதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சுபாஸ்ரீக்குப் போன் செய்தான்.

"சாமி வேணாங்குது சுபா."