இஞ்சின் சூடேறுவதற்குள்

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதில்லை. கேட்டு வாங்குகிறார்கள். கீழ்வீட்டு அக்கா துணி காயப்போட மாடிக்கு வந்தவர், கொடியில் கிளிப் மாட்டிக்கொண்டே சொன்னார்: “நீ கதை எழுதறவதானே? எனக்கு ஒண்ணு எழுதிக் குடேன். எங்க வீட்டுக்காரருக்குக் காது கேக்கல. அதை அவர்கிட்ட சொல்லலாமா வேண்டாமான்னு எழுதிப் பாரு. நீ எப்படி முடிக்கிறியோ அப்படியே செஞ்சிடறேன்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ஞாயித்துக்கிழமைக்குள்ள வேணும்” என்று சொல்லிவிட்டு வெறும் பக்கெட்டோடு இறங்கிப் போனார்.

என் கதைகளின் முடிவை இதுவரை யாரும் பொருட்படுத்தியதில்லை. ‘முடிவு சப்பென்று இருக்கிறது’ என்று ஒருவர் எழுதினார், அதோடு சரி. இப்போது ஒருத்தர் அதன்படியே நடக்கப்போகிறேன் என்கிறார்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

“அந்தப் பழைய நீலநிறக் காரின்மேல் காலை வெயில்—”

வேண்டாம். வெயிலைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் வண்டி நகராது.

“அவர் ஒரு காலத்தில் ஊசி விழுந்தாலும்—”

இதுவும் வேண்டாம். நேராகவே சொல்லிவிடுகிறேன். அக்காவின் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். கடையைக் கொடுத்துவிட்டார், ஆனாலும் தெருவில் அவர் கண்ணாடிக்காரர்தான். கண்ணாடி போட வெட்கப்படுகிறவர்களை உட்காரவைத்து, “இதுல என்ன சார் வெக்கம்? கண்ணாடி போட்டா வயசு கூடாது, தெளிவாத் தெரியும், அவ்வளவுதான்” என்று சொல்லியே பாதி ஊருக்கு மாட்டிவிட்டார். அப்பேர்ப்பட்டவரிடம் மகள் ஒருமுறை போனில், “அப்பா, காதை ஒரு தடவை டெஸ்ட்…” என்று ஆரம்பித்ததற்கே, கார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு மழைக்காலம் முடியும்வரை தொடவில்லையாம். ஊருக்குத்தான் உபதேசம்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இத்தனை பேரைச் சமாதானப்படுத்தியவர் தன் விஷயத்தில் மட்டும் இப்படியா? பாத்திரம் நம்பும்படி இல்லையே என்று அக்காவிடம் சொன்னேன். “நம்பும்படியா இல்லைன்னா நான் என்ன பண்றது? நான் இவரைத்தானே கட்டிக்கிட்டேன்” என்றார்.)

3

அக்கா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தவர். காதில் ஹெட்போன், கையில் பிளக், முன்னால் பலகை முழுக்க ஓட்டை. ‘ஹலோ’ என்ற ஒரு சொல்லிலேயே பேசுகிறவருக்கு ஜலதோஷமா, கடன் தொல்லையா என்று கண்டுபிடித்துவிடுவார். அந்த நாட்களில் சாயங்காலமானால் கண்ணாடிக்காரர் இதே காரில் வந்து கீழே நிற்பார். அப்போதே அது இரண்டாம் கை வண்டி. அதன் உறுமல் ஜன்னல் வழியாக வந்ததும் பக்கத்து இருக்கைக்காரி சொல்வாளாம்: “உன் லைன் வந்தாச்சு, கிளம்புடி.”

வண்டியில் ரேடியோ கிடையாது. அக்கா வாய்க்குள்ளேயே ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வருவார். பாதி வரியில் விட்டால் மீதி வரியைக் கண்ணாடிக்காரர் எடுப்பார். இஞ்சின் சத்தத்துக்கும் காற்றுக்கும் நடுவே அந்த முணுமுணுப்பு அவருக்கு எப்படித்தான் கேட்டதோ. கல்யாணமான புதிதில் வீட்டில் எல்லாரும் இருப்பார்கள், தனியாகப் பேச இடமிருக்காது. பேச வேண்டியதையெல்லாம் காரில்தான் பேசினார்கள். மகள் வயிற்றில் இருக்கிறாள் என்பதை ஒரு சிக்னலில் நிற்கும்போதுதான் அக்கா சொன்னாராம். மெதுவாகத்தான் சொன்னேன், பச்சை விழுந்தும் அவர் வண்டியை எடுக்கவில்லை, பின்னால் இருந்தவன் எல்லாம் திட்டினான் என்று சொல்லி அக்கா இன்றைக்கும் சிரிக்கிறார்.

இப்போது அக்கா மெதுவாக எதுவும் சொல்வதில்லை. “கத்திச் சொன்னா எல்லாமே சண்டை மாதிரி ஆயிடுது. ‘சாப்பிட வாங்க’ன்னு சொன்னாக்கூட எதுக்குக் கோவம்ங்கறார். சில விஷயத்தை எல்லாம் கத்தி எப்படிச் சொல்றது?” என்றார்.

(இந்த இடத்தில் ஒரு பழமொழி சங்கோடு வந்து தானாக நிற்கிறது. எழுத மாட்டேன். அக்கா படிப்பார்.)

4

இனி அந்தக் காரில் இருந்த புகை லீக்குக்கு வருகிறேன். இஞ்சினிலிருந்து புகையை வாங்கி சைலன்சருக்குக் கொண்டுபோகும் நாலு குழாய்க்கு ஹெடர் என்று பெயர். அது இஞ்சினோடு சேருகிற இடத்தில் புகை கசியாமலிருக்கப் பேக்கிங் வைத்து போல்ட்டுப் போட்டு முடுக்கியிருப்பார்கள். அங்கே எங்காவது இடைவெளி விட்டால் காலையில் வண்டியை எடுத்ததும் யாரோ பக்கத்தில் நின்று உச்சுக்கொட்டுவதுபோல ஒரு சத்தம் வரும். சூடேறச் சூடேற உலோகம் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்ளும், சத்தம் போய்விடும். மெக்கானிக்கிடம் ஓட்டிக்கொண்டு போனால் அங்கே போய்ச் சேருவதற்குள் சாதுவாகிவிடும். அவன் நம்மை மேலும் கீழும் பார்ப்பான்.

அக்காதான் சத்தத்தை முதலில் சொன்னார். “எனக்கும்தான் கேக்குதே” என்று கண்ணாடிக்காரர் உடனே சொல்லிவிட்டு வேலையில் இறங்கினார். ஹெடரைக் கழற்றி, கருகிப்போன பழைய பேக்கிங்கைச் சுரண்டினார். ஸ்டீல் ஸ்கேலைக் குறுக்கே வைத்து வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்து, வளைந்திருந்த இடத்தை அரத்தால் ராவிச் சமப்படுத்தினார். புதுப் பேக்கிங் வைத்து நடு போல்ட்டிலிருந்து ஓரத்துக்கு, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். வண்டியை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி முடுக்கினார். ஒரு குறை சொல்ல முடியாது.

மறுநாள் காலை இஞ்சினைப் போட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டார். “பாத்தியா? சுத்தமா நின்னுபோச்சு.”

நிற்கவில்லை. அக்காவுக்குப் பளிச்சென்று கேட்டது. அதைவிட, சத்தம் இருந்தபோதும் அவருக்குக் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்த நாள் இஞ்சினை ஓடவிட்டு அவர் குடிக்கத் தண்ணீர் எடுக்க உள்ளே போன சமயம் பார்த்து, அக்கா ஒரு ரப்பர் ட்யூபின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஹெடர் பக்கமும் வைத்துத் தேடினார். “பேக்கிங்ல இல்ல. நாலாவது குழாய்ல, வெல்டிங் பக்கத்துல மயிரிழை விரிசல். அங்கேருந்துதான் லைன் வருது” என்றார் என்னிடம்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரில் மகள் வீட்டுக்குப் போகிறார்கள். வரும்போது பேரப்பிள்ளைகள் பின்சீட்டில் இருப்பார்கள். புகை உள்ளே வந்தால்? அது போகட்டும். போன வாரம் லாரிக்காரன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான், இவர் பாட்டுக்கு நடுரோட்டில் போனார். அக்கா தோளைத் தட்டிய பிறகுதான் ஒதுங்கினார். சொன்னால் மனிதர் சாவியை ஆணியில் மாட்டுவார், இந்தத் தடவை எடுக்கவே மாட்டார். அந்த வண்டிக்குள் அல்லாமல் அந்த மனிதரோடு வாழ்ந்த ஞாபகமே அக்காவுக்குக் குறைவு.

5

மூன்று முடிவு எழுதி எடுத்துக்கொண்டு கீழே போனேன். கண்ணாடிக்காரர் காய்கறி வாங்கப் போயிருந்தார்.

முதல் முடிவில் அக்கா சொல்லிவிடுகிறார். கண்ணாடிக்காரர் சாவியை மேசைமேல் வைக்கிறார். அக்கா படித்துவிட்டு, “இப்படித்தான் நடக்கும். அதனாலதான் பிடிக்கல” என்றார்.

இரண்டாவதில் சொல்லவில்லை. அவர் ஊரில் இல்லாத நாளில் அக்கா விரிசலுக்கு வெல்டிங் வைத்துவிடுகிறார். “வண்டி சரியாயிடும். லாரிக்காரன் ஹாரனுக்கு எங்க போய் வெல்டிங் வைக்கறது?” என்றார்.

மூன்றாவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம். கண்ணாடிக்காரருக்கு எல்லாம் தெரியும். தானாகவே ட்யூபை அக்காவிடம் நீட்டி, “எனக்குக் கேக்கல. நீ கேட்டுச் சொல்லு” என்கிறார்.

அக்கா அதை இரண்டுமுறை படித்தார். கண் கலங்கியிருந்தது.

“நல்லா இருக்கு. ஆனா இதுல நான் ஒண்ணுமே செய்யலையே. எல்லாத்தையும் அவரே செஞ்சிடறார். எங்க வீட்டுல என்னைக்கு அப்படி நடந்திருக்கு?”

தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். “வேற எழுது.”

எழுதினேன். ‘அக்கா அவருடைய கையைப் பிடித்து’ என்று ஒன்று. ‘பயணம் முழுக்க அவருக்குக் காதாக’ என்று இன்னொன்று. இரண்டையும் நானே அடித்துவிட்டேன், ஒரே பாகு.

6

இன்று ஞாயிறு. மேலே எழுதியதெல்லாம் நேற்று வரைக்கும். இதை மாடிக் கைப்பிடிச் சுவரில் தாளை வைத்து, கீழே பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

பெட்டி ஏறிவிட்டது. கண்ணாடிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். பானட் இன்னும் திறந்திருக்கிறது. இஞ்சினைப் போட்டார். மாடிவரைக்கும் உச்சுக்கொட்டல் கேட்கிறது.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “முடிச்சிட்டியா?”

நான் வாயைத் திறப்பதற்குள் கண்ணாடிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். “முடுக்கிட்டேம்மா. எல்லா போல்ட்டும் நல்லா முடுக்கிட்டேன். ஏறு.”

அக்கா சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே அவரும் சிரிக்கிறார். சிரிக்கும்போது அவர் ரொம்ப அழகாக இருக்கிறார். அக்கா மட்டும் சட்டென்று சிரிப்பை நிறுத்திவிட்டார்.

ஏறவில்லை. கார்க் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னும் மேலேதான் பார்க்கிறார். என் தாளில் ஒன்றும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன். அவர் நகரவில்லை. இப்போது என்னைப் பார்க்கிறாரா, எனக்குப் பின்னால் நின்று இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பார்க்கிறாரா என்று தெரியவில்லை.

இஞ்சின் சூடேறுகிறது. சத்தம் கொஞ்சம் குறைந்துவிட்டது. சுத்தமாக நின்றுவிட்டால் அப்புறம் ‘இது உங்களுக்குக் கேக்கலையா’ என்று அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்காது, கிளம்பிவிடுவார்கள். அக்காவுக்கு என்ன சொல்லட்டும்? சீக்கிரம்.