வெறுங்கண்ணாடியில் மகரந்தம்

பூச்சி எதையும் வைக்காத கண்ணாடித் துண்டிலும் அந்த முள் உருண்டைகள் இருந்தன. கமலா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்தாள். கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். இருந்தன.

நைனார்பாளையத்து மக்காச்சோளத்தைப் படைப்புழு மொட்டையடித்துக்கொண்டிருந்தது. முட்டையிட்டு அந்தப் புழுவைப் பெருக்கும் அந்துப்பூச்சி எங்கிருந்து பறந்து வருகிறது என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. வழியில் தேன் குடித்த பூவின் மகரந்தம் பூச்சியின் உறிஞ்சுகுழலில் ஒட்டியிருக்கும். அவள் பிடித்த பூச்சிகளில் முள் உருண்டைகள். கல்வராயன் மலையில் எண்ணெய்க்காக விதைக்கும் காட்டெள்ளின் மகரந்தமும் அப்படித்தான் இருக்கும். "மலையிலேர்ந்துதான் வருது" என்று போன வாரம் ஊர்க்கூட்டத்தில் சொல்லிவிட்டாள். மலைக்குப் போய்க் காட்டெள்ளைப் பிடுங்கிப்போட ஊரார் இன்று வேன் பிடித்திருந்தார்கள்.

தலையிலிருந்த சாமந்தியை எடுத்து வேறொரு கண்ணாடியின் மேல் தட்டிப் பார்த்தாள். அதே உருண்டைகள்.

மாமியார் ரங்கம்மாள் வைத்துவிட்ட பூ. மகன் செத்த பிறகு, ஊர் என்ன பேசினாலும், மருமகளை வெறுந்தலையோடு அவள் இருக்கவிட்டதில்லை.

யாருக்குத் தெரியப்போகிறது? நினைத்ததுமே கமலாவுக்குக் கூசியது. வெறுங்கண்ணாடியையும் பார்த்தபிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. புருஷன் இல்லாதவள் என்று எதிரே வராமல் ஒதுங்கிய ஆண்கள், அன்று கூட்டத்தில் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த ருசிதான் அவளை அவசரப்படுத்தியது.

உழவர் சங்கத் தலைவர் கந்தசாமி வாசலில் நின்று கூப்பிட்டார். "வாம்மா, நீயே வந்து செடியக் காட்டு."

"வேணாம் பெரியப்பா. நான் சொன்னது தப்பு. அது என் தலைப்பூவோட தூளு."

"இன்னாம்மா, போன வாரம் மலைன்ன, இப்ப தலைன்ற? அடுத்த வாரம் காலா?"

"சிரிச்சிக்கோங்க. ஆனா மலைக்காரங்க செடியில கை வெக்காதீங்க."

"அல்லாரும் வேன்ல ஏறிக்கினு இருக்காங்க. நான் இன்னா சொல்லி எறக்கறது?"

"நீங்க சொல்லாதீங்க. நானே வந்து சொல்றேன்."

ரங்கம்மாள் கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "நான் வெச்ச பூவுதான் குத்தமாடி?"

"பூவு இன்னா பண்ணும் அத்தே? அதோட பூச்சிகிட்ட உக்காந்தேன் பாருங்க, அது குத்தம். இனிமே வேலைய முடிச்சிட்டு வெச்சிக்கறேன்."

"அதுக்குள்ள வாடிடும்."

"வாடினதையே வையுங்க."

முதலிலிருந்து பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பூச்சியாக. எத்தனை மாதமானாலும் சரி. கண்ணாடித் துண்டுகளையெல்லாம் வாளித் தண்ணீரில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினாள்.

வேனைச் சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"எங்கேர்ந்து வருதுன்னு எனக்கு இன்னும் தெரியல" என்றாள். வேனுக்குள் இருப்பவர்களுக்குக் கேட்டிருக்காது என்று தோன்றியது. படியில் ஏறி நின்று, மறுபடியும் சொன்னாள்.