தலை கடைசியில் வர வேண்டும்

தஸ்நேவிஸின் வத்தை 1970-ஆம் வருடம் ஆடி மாதம் திரேஸ்புரம் கரையோரத்தில் கவிழ்ந்தது. அவர் அதற்கடியில் ஏழு வருடத்துக்கு மேல் குடியிருந்தார். வத்தை என்பது ஒரு ஆள், நெருக்கினால் இரண்டு ஆள் போகிற சின்ன ஓடம். அந்த இடத்தில் ஆழமும் அதிகமில்லை, நீர் வற்றிய நேரத்தில் இடுப்பளவுதான், கரைப்பக்கத்து மணல்மேட்டில் முழங்காலளவு. உட்கார்ந்த வாக்கிலேயே குறுக்குப் பலகைக்குள் கால்களை மாட்டிக்கொண்டு வௌவாலைப்போலத் தண்ணீருக்குள் தொங்கினார். மூச்சு வேண்டியபோது முழங்காலை நோக்கி வளைந்து, வத்தைக்குள் அடைபட்டிருந்த காற்றை இழுத்துக்கொண்டு மறுபடி தொங்குவார். பேச வேண்டியதையும் அப்படி வளைந்தே பேசினார். மரத்தின் வழியாக அவர் குரல் பானைக்குள்ளிருந்து வருவதுபோல வந்தது. அந்த வருடம் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றவர்கள் இதையும் பேசினார்கள், மண்ணெண்ணெயையும் பேசினார்கள்.

கவிழ்ந்ததற்குக் காரணம் பக்தி. கடலிலிருந்து வருகிறவர்கள் மாதா கோவில் கோபுரம் கண்ணில் பட்டதும் தலைத்துண்டை அவிழ்த்துச் சிலுவை போட்டுக்கொள்வது அந்தக் கரையின் வழக்கம். சங்கு குளிக்கிறவர்களும் அப்படித்தான். தண்ணீருக்கு மேலே தலை வந்ததும் முதல் பார்வை கோபுரத்துக்கு, மூச்சுகூட இரண்டாவதுதான். பிள்ளைகளுக்கு நீச்சலையும் இதையும் ஒன்றாகவே பழக்குவார்கள். தஸ்நேவிஸின் மனைவி கித்தேரி அப்போது நிறைமாத கர்ப்பிணி. அவளுக்காகக் கொஞ்சம் கூடுதலாக வேண்டிக்கொள்ள நினைத்து, துடுப்பை மடியில் வைத்துவிட்டு இரண்டு கையையும் குவித்தார். நீராவிப் படகு ஒன்று கிளப்பிவிட்ட அலை வந்து பக்கவாட்டில் அடித்தது. துடுப்பு பழையகாயல் பக்கம் ஒதுங்கி, யாருடைய அடுப்பிலோ எரிந்துபோனதாகப் பிறகு தகவல் வந்தது.

மறுநாள் எட்டுப் பேர் இறங்கி வத்தையைப் புரட்டினார்கள். வத்தை அசையவில்லை, எட்டுப் பேரும் தலைகீழானார்கள். உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கரையேறியவர்கள், உள்ளே இருக்கிறவர்தான் நிமிர்த்த வேண்டும் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்கள். வத்தையை விட்டுவிட்டு வெளியே வந்துவிடும்படி கித்தேரி கெஞ்சிப் பார்த்தாள். காலை எடுக்கத்தான் பார்க்கிறேன், பலகை விடமாட்டேன் என்கிறது என்று தஸ்நேவிஸ் வருத்தத்தோடு பதில் சொன்னார். அன்றிலிருந்து அவள் காலையில் கருவாடு விற்கக் கிளம்புமுன் சோற்றை உருண்டையாகப் பிடித்து, இலையில் கட்டி, வத்தையின் விளிம்புக்கு அடியில் கையை விட்டுக் கொடுத்துவந்தாள். தலைகீழாகத் தொங்குகிறவருக்குச் சோறு மேல்நோக்கித்தான் போக வேண்டும், அது போயிற்று.

பிள்ளை பிறந்தது. தெக்லா என்று பெயர் வைத்தார்கள். கடல் ஒரு ஆளை வைத்திருப்பது போதும் என்று நினைத்த கித்தேரி, பிள்ளையின் தலையில் கடல்நீர் படக்கூடாது என்று மாதாவிடம் நேர்ந்துகொண்டாள். காலை மட்டும் அனுமதித்தாள். அதனால் தஸ்நேவிஸ் தன் மகளைக் கால்களாகவே அறிந்திருந்தார். முதலில் தாயின் இடுப்பிலிருந்து தொங்கிய இரண்டு சின்னப் பாதங்கள் வந்தன. பிறகு அவை மணலில் ஊன்றி நின்றன. பிறகு ஓடி வந்தன. உள்ளங்காலைத் தொட்டுப் பார்த்து, நாளைக்குக் காய்ச்சல் வரும் என்பார், வரும். முள் குத்தினால் எடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நின்றால் நகம் வெட்டிவிடுவது அவர் வேலை. தெக்லாவுக்கு அப்பா என்றால் தண்ணீருக்குள் நெளிகிற இரண்டு கைகளும், மரத்துக்குள்ளிருந்து வருகிற ஒரு குரலும்தான். மற்ற பிள்ளைகளின் அப்பாக்களுக்கு ஏன் முகம் இருக்கிறது என்று அவள் ஒருமுறை கேட்டாள். கித்தேரி அன்று சரியாகச் சாப்பிடவில்லை.

புதுத் துறைமுகம் திறந்து, பெரிய கப்பல்கள் கரையை ஒட்டி நிற்கத் தொடங்கியிருந்த காலத்தில் பால்துரை வந்தார். நாசரேத்துக்காரர், சரக்கு ஏஜெண்டு ஆபீசில் கிளார்க். கித்தேரியிடம் கருவாடு வாங்குகிற வழக்கத்தில் சங்கதியைக் கேள்விப்பட்டு, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு பார்க்க வந்தார். வத்தையின் முதுகைத் தட்டி நலம் விசாரித்துவிட்டு, கப்பலில் வந்த ஒரு வெள்ளைக்கார மாலுமி சொன்னதாக ஒரு வித்தையைச் சொன்னார். அவர்கள் ஊர் ஆற்றில் சின்ன ஓடம் கவிழ்ந்தால் துடுப்பே இல்லாமல் நிமிர்த்துவார்களாம். இரண்டு உள்ளங்கையாலும் தண்ணீரைத் தட்டையாக அழுத்த வேண்டும். அந்த வேகத்திலேயே இடுப்பைச் சுண்ட வேண்டும். ஓடம் முதலில் திரும்பும், பிறகு உடம்பு, எல்லாவற்றுக்கும் கடைசியில் தலை. தலை முந்தினால் அதன் பாரம் ஓடத்தை மறுபடி கவிழ்த்துவிடும்.

தஸ்நேவிஸ் அன்றே ஆரம்பித்தார். அவருக்குக் கையில் பலம் உண்டு, இடுப்பும் நன்றாகச் சுழன்றது. வத்தை பாதிவரை திரும்பும். அப்போது அவர் தலை தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கோபுரத்தைப் பார்க்க எழும். வத்தை தொப்பென்று கவிழ்ந்துவிடும். இரண்டு மழைக்காலம் இப்படிப் போயிற்று. பால்துரை சனிக்கிழமை அரைநாள் லீவில் வந்து கரையில் நின்று சொல்லிக்கொடுப்பார்.

"இடுப்புதான் முதல்ல, அண்ணாச்சி. தலைய மறந்துரும்."

"நான் மறந்தாலும் அது மறக்கமாட்டேங்கு," என்றது மரத்துக்குள்ளிருந்து குரல். "மாதா அங்கன நிக்கா. பாக்காம எப்படி வெளிய வர?"

பால்துரை வேதக்கோவில்காரர், மாதாவைக் கும்பிடாத சபை. இதில் தான் நுழையக்கூடாது என்று மறுபடி இடுப்பைப் பற்றியே சொல்லிக்கொடுத்தார்.

1978 தொடக்கத்தில் வத்தையில் புழு வைத்தது. மரத்தில் ஊசித்துளைகள் விழுந்து, அடைபட்டிருந்த காற்று சின்னக் குமிழிகளாக வெளியே வந்துகொண்டிருந்தது. கித்தேரி தார் பூசினாள். தாருக்குப் பக்கத்தில் புதுத்துளை விழுந்தது. மே மாதம் தெக்லாவுக்குப் புதுநன்மை, முதல்தடவையாக நற்கருணை வாங்குகிற நாள். வெள்ளை உடுப்பு தைக்கக் கொடுத்தாயிற்று. மெழுகுதிரியை அப்பாதான் ஏற்றிக் கொடுக்க வேண்டும். அதுவரைக்கும் காற்று நிற்குமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. தஸ்நேவிஸ் மட்டும் பேச்சைக் குறைத்துக்கொண்டார்.

ஒரு சனிக்கிழமை, நீர் நன்றாக வற்றியிருந்த நேரம், அவர் மறுபடி பாதி எழுந்து மறுபடி விழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்த கித்தேரி பால்துரையிடம் திரும்பினாள்.

"அண்ணாச்சி, கீழ பாக்கதுக்கு ஒண்ணு இருந்தா தலை கீழயே நிக்கும்லா?"

"நிக்கும், தங்கச்சி. ஆனா கோபுரத்த விடப் பெருசா கடலுக்கடியில என்ன இருக்கு?"

கித்தேரி சேலையைத் தூக்கிச் செருகினாள். முழங்கால் தண்ணீரில் நின்று மணலைக் கிளறிக்கொண்டிருந்த தெக்லாவைப் பார்த்தாள். கோபுரத்தைப் பார்த்தாள். நேர்ந்துகொண்டதை எடுத்துவிடுகிறேன், கோபமிருந்தால் என்மேல் வைத்துக்கொள் என்று வாய்க்குள் சொன்னாள். பிள்ளையின் பின்னலை அவிழ்த்துவிட்டு, கையைப் பிடித்து வத்தைக்குப் பக்கத்தில் கூட்டிப்போனாள்.

"ஏளா, மூச்சப் புடிச்சுக்க. உள்ள போயி கண்ணத் தொற. அப்பா அங்கன இருப்பாவ."

"கடல் தலையில படுமே?"

"படட்டும். நான் கையப் புடிச்சிருக்கேன்."

தாயும் மகளும் ஒன்றாக முங்கினார்கள். தஸ்நேவிஸ் தன் மகளின் முகத்தை முதல்முறையாகப் பார்த்தார். அது அவருக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தாடை மேலே, நெற்றி கீழே, முடி நாலாபக்கமும் பரந்து மிதந்தது. தெக்லாவும் தலைகீழான ஒரு முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்து குமிழி விட்டாள். அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலேயே அவர் கைகள் தண்ணீரை அழுத்தின, இடுப்பு சுண்டியது. வத்தை திரும்பியது, முழங்கால் வந்தது, வயிறு வந்தது, தோள் வந்தது. பார்த்தது போதவில்லை என்பதால் தலை மட்டும் பின்தங்கி, பக்கவாட்டில் சாய்ந்து, எல்லாவற்றுக்கும் கடைசியில் வந்தது. வத்தை நிமிர்ந்து ஆடி நின்றது.

கரையில் இருந்தவர்கள் அவர் கோபுரத்தைப் பார்ப்பார் என்று காத்திருந்தார்கள். அவர் முதுகு கோபுரத்துக்கு இருந்தது. தண்ணீரிலிருந்து எழுந்த மகளைப் பார்த்து, "எங்கம்மா மூக்குளா உனக்கு," என்றார். கித்தேரி வத்தையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள், விடவே இல்லை.

தெக்லா இருமி முடித்துவிட்டு, "ஒங்க காலக் காட்டுங்க," என்றாள். பலகை இப்போது விட்டுக்கொடுத்தது. அவர் கால்கள் பச்சைப்பிள்ளையின் கால்கள்போல வெளுத்து மெத்தென்று இருந்தன. நகங்கள் மட்டும் வளர்ந்து கொடியாகச் சுருண்டிருந்தன. வீட்டுக்கு வந்து தெக்லாதான் அவற்றை வெட்டிவிட்டாள். அந்த வேலைக்கு ஞாயிற்றுக்கிழமை மாலைவரை ஆயிற்று.

அதற்குப் பிறகு அவரிடம் ஒன்று மட்டும் மாறாமல் நின்றது: அழுதால் கண்ணீர் மேல்நோக்கி, நெற்றிக்கு ஓடும். மே மாதம் மெழுகுதிரியை ஏற்றிக் கொடுத்தபோது கோவிலில் எல்லாரும் அதைப் பார்த்தார்கள். சாமியாரும் பார்த்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். கித்தேரி முந்தானையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்துவிட்டாள். பாட்டு முடிவதற்குள் இன்னொரு தடவை துடைக்க வேண்டியிருந்தது.